எட்வர்ட் பார்க்காத கச்சேரி

சனிக்கிழமைக்குள் தனக்கு ஒரு காய்ச்சல் வரவேண்டும் என்று எட்வர்ட் புதன்கிழமையிலிருந்தே ஜெபித்துக்கொண்டிருந்தார். பெரிய காய்ச்சலாக வேண்டாம். வேனில் ஏறவிடாமல் படுக்கப்போடுகிற அளவுக்கு இருந்தால் போதும். மலேரியா வேண்டாம், டைபாய்டு வேண்டாம் என்று ஆண்டவரிடம் விவரமாகவே சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை விடிந்தும் உடம்பு கல்லுக்குண்டு மாதிரிதான் இருந்தது.

"உடம்பு ஒரு மாதிரியா இருக்கு, ஷீலா," என்றார் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த மனைவியிடம்.

"எந்த மாதிரி?" ஜெயஷீலா மிஷினை நிறுத்தவில்லை.

"அனலா அடிக்கி."

அவள் எழுந்து வந்து புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். "நெத்தி பானைத் தண்ணி கணக்கால்லா இருக்கு."

"இது உள்காய்ச்சல்."

"உள்காய்ச்சலுக்கு வெளிக்காத்துதான் மருந்து. நாளைக்கு வேன்ல ஜன்னல் ஓரமா உக்காருங்க, சரியாப் போவும்."

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. எட்வர்டுக்கு நெஞ்சும் அதே வேகத்தில் ஓடியது.

கோவில்பட்டியில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கெல்லாம் ஆபீஸ் என்றுதான் பெயர். அப்படி ஓர் ஆபீஸில் எட்வர்ட் கணக்குப்பிள்ளை. ஆனால் ஊரில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கணக்கு இல்லை, சாட்சி. கடலையூர் ரோட்டில் தகரக் கூரை போட்ட சின்னச் சபையில், ஞாயிறு ஆராதனையின்போது யாராவது எழுந்து நின்று ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததைச் சொல்வார்கள். மற்றவர்கள் சாட்சி இரண்டு நிமிஷம். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு நின்றது, காணாமல் போன சைக்கிள் கிடைத்தது, ஸ்தோத்திரம், உட்கார்ந்துவிடுவார்கள். எட்வர்டின் சாட்சி முக்கால் மணி நேரம். அதைக் கேட்பதற்கென்றே எட்டயபுரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவர்கள் உண்டு.

சாட்சி இதுதான். தொண்ணூற்றொன்றில், கல்யாணத்துக்கு முன்னால், எட்வர்ட் ராக் பாட்டு என்ற பாவத்தில் விழுந்து கிடந்தார். பெங்களூர்க்காரர்கள் நான்கு பேர், ரஸ்டி பக்கெட்ஸ் என்று ஒரு குழு. அவர்கள் கேசட் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அவர்கள் பாளையங்கோட்டைக்கு வந்தபோது நேரில் பார்க்கப் போனார். அங்கே கண்ட காட்சியில் மனம் உடைந்து, பாதிக் கச்சேரியில் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் மனந்திரும்பி வந்துவிட்டார்.

"ரஸ்டி பக்கெட்டுன்னா என்ன? துருப்பிடிச்ச வாளி. அடியில ஓட்டை. அதுல உங்க ஆத்துமாவ ஊத்துனா நிக்குமா?" என்று கேட்டுவிட்டு எட்வர்ட் ஒரு நிமிஷம் சும்மா நிற்பார். சபை நடுங்கும்.

கண்ட காட்சி மட்டும் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. முதல் வருஷம் கிட்டார்க்காரன் தலைமுடியை விரித்து ஆடினான். அடுத்த வருஷம் கிட்டாரை உடைத்தான். நாலாம் வருஷம் வாயிலிருந்து நெருப்பு வந்தது. ஆறாம் வருஷம் டிரம்ஸ் அடிக்கிறவன் ஒரு பித்தளைச் செம்பில் வெள்ளாட்டு ரத்தம் குடித்தான். போன வருஷம் ஒரு பாம்பும் மேடையேறியிருந்தது.

நடந்தது வேறு. அன்றைக்கு அவர் மைதானத்துக்குள் போனது உண்மை. முதல் பாட்டு பாதிகூட ஆகவில்லை, மேடையில் டமார் என்று ஒரு சத்தம், கூடவே குப்பென்று வெள்ளைப் புகை. தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், புகையைப் பார்த்தால் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, ஓட வேண்டும். எட்வர்ட் ஓடினார். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினார். ஏன் பாதியில் வந்துவிட்டாய் என்று கேட்டவர்களிடம் பயந்து ஓடினேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, மனசு மாறிவிட்டது என்றார். அது பாஸ்டர் ரத்தினத்தின் காதில் விழுந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார்.

ஜெயஷீலா கிடைத்ததே அந்தச் சாட்சியால்தான். புதியம்புத்தூரில் ஒரு கூட்டத்தில் அவர் பேசியபோது, தையல் கம்பெனி வைத்திருந்த அவளுடைய அப்பா, "அடிபட்டுத் திருந்தின பையன், இனிமே தப்பா போவமாட்டான்," என்று அங்கேயே முடிவு செய்தார். பெண்கள் பக்கத்தில் அவள் முக்காட்டுக்குள் குலுங்கிக் குலுங்கி அழுததை எட்வர்ட் மேடையிலிருந்து கண்ணால் பார்த்தார். இப்படி ஓர் இளகின மனசா என்று அவரும் உருகிப்போனார். கல்யாணமாகி ஒன்பது வருஷம், இரண்டு பிள்ளைகள். அந்த மரியாதையில்தான் அவர் வீட்டில் காப்பி சூடாக வந்தது.

இந்த நிலைமையில்தான் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். தூத்துக்குடியில் ஒரு கல்லூரி விழா. சனிக்கிழமை மதியம் மூன்றரை மணி. ரஸ்டி பக்கெட்ஸ். அனைவரும் வருக.

எட்வர்ட் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். ஜெயஷீலா குனியவில்லை. அந்த வாரமே பெண்கள் சங்கத்தில் எழுந்து நின்றாள். "எங்க வீட்டுக்காரவிய ஒரு ஆத்துமா தப்பிச்சு வந்துட்டாவ. அங்கன கூடுத மத்த ஆத்துமாக்க கதி என்ன? நாம வேன் போட்டுப் போயி கைப்பிரதி குடுத்தா என்ன?" என்றாள். சங்கத் தலைவி வெயிலம்மாள், பேரை மாற்றிக்கொள்ளாமலே சபைக்கு வந்தவள், எட்வர்டின் ஆபீஸிலேயே பெட்டி ஒட்டுகிறவள், உடனே கையைத் தூக்கினாள். ஜெயஷீலாவைத் தவிர சங்கத்தில் பதினாலு பேர், பதினாலு பேரும் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள். பத்து வருஷமாகக் காதால் கேட்டதைக் கண்ணால் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது. பாஸ்டர் கண்கலங்கி, "வழிகாட்டியா எட்வர்ட் பிரதர் போவாங்க," என்று அறிவித்துவிட்டார்.

போனால் என்ன ஆகும்? நெருப்பு இல்லை, செம்பு இல்லை, பாம்பு இல்லை என்று பதினாலு பெண்களும் மனைவியும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். சபையில் பேர் போகும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொய்யைக் கேட்டுத்தானே கழுத்தை நீட்டினேன் என்று ஜெயஷீலா ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், அதற்கப்புறம் அந்த வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிட உட்காருவது? இது ஒரு பயம். இதற்கும் அடியில், யாரிடமும் சொல்ல முடியாத இன்னொரு பயம் இருந்தது. அந்தச் சத்தம். அந்தப் புகை. நினைத்தாலே எட்வர்டுக்கு உள்ளங்கால் வேர்த்தது.

காய்ச்சல் கைவிட்டதும் அவர் முதலாளி நந்தகோபாலிடம் போனார். "சனிக்கிழமை நான் இல்லாட்டா ஆபீஸ் கஷ்டம்லா, மொதலாளி," என்று எடுத்துக்கொடுத்தார். லீவு கிடையாது என்று அவர் வாயால் வந்துவிட்டால் போதும்.

"உம்ம வீட்டம்மா நேத்தே வந்து சொல்லிட்டாவ," என்றார் முதலாளி. "எங்க வீட்ல ஒரு பிளவுஸ் தச்சுக் குடுத்துட்டு, பக்கத்துல உக்காந்து அழுதாவ. புண்ணியக் காரியம், போயிட்டு வாரும். திங்கக்கிழமை என்ன நடந்துச்சுன்னு எனக்கும் சொல்லணும்."

வீட்டுக்கு வந்தால், மனைவியிடம் ஒரு கேள்வி காத்திருந்தது.

"ஏங்க, அந்த ஆட்டு ரத்தம் குடிக்குதவன் மேடையில எடது பக்கம் நிப்பானா, வலது பக்கமா?"

"எதுக்கு?"

"வெயிலம்மாக்கா கேக்கச் சொன்னாவ. எல்லாரும் வெள்ளைச் சேலை உடுத்திட்டு வாராவ. தெறிக்காத பக்கமா நிக்கணும்லா."

"நடுவுல நிப்பான்," என்றார் எட்வர்ட் பலவீனமாக.

"பாம்பு?"

"அதும் நடுவுலதான்."

"எல்லாம் நடுவுல நின்னா பாடுதவன் எங்கன நிப்பான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் நூலைக் கடித்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேன் ஏறினார்கள். பதினாலு பெண்கள், ஜெயஷீலா, எட்வர்ட், புளிச்சோறு, தண்ணீர் கேன், இரண்டு கட்டு கைப்பிரதி. ரோட்டுக்கு இருபுறமும் கரிசலில் பருத்தி வெடித்துக் கிடந்தது. பெண்கள் கீர்த்தனை பாடிக்கொண்டு வந்தார்கள். எட்டயபுரம் தாண்டினதும் எட்வர்ட் டிரைவரிடம், "டயர் ஒரு மாதிரி சத்தம் போடுதே, திரும்பிருவோமா?" என்றார். டிரைவர் இறங்கிப் பார்த்து, டயரை உதைத்து, நல்ல டயர் என்று சொல்லி ஏறிக்கொண்டான். தூத்துக்குடியும் வந்துவிட்டது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தும் ஒன்றும் சரியாகவில்லை.

மைதானத்தில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். வெள்ளைச் சேலைப் பெண்கள் மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தெறிக்காத தூரம் பார்த்து உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் மேடையிலிருந்து ஓர் ஆள் இறங்கி வந்தான். வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடி, பேங்கில் செக் வாங்கிப் பார்க்கிறவன் மாதிரி முகம். வெயிலம்மாளிடம் வந்து கைகூப்பி, பெங்களூர்த் தமிழில் ஏதோ கேட்டான். அவள் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு, நீட்டிய கைப்பிரதியையும் வாங்கிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போனான். போய் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

வெயிலம்மாள் வெகுநேரம் அவனையே பார்த்தாள். பிறகு எட்வர்ட் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, இந்தப் புள்ளையா ஆட்டு ரத்தம் குடிக்கும்? கொதிக்க வச்ச தண்ணியான்னுல்லா கேக்கு."

"ஆரம்பத்துல அப்படித்தான் இருப்பாவ," என்றார் எட்வர்ட். பதினாலு பேரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஜெயஷீலா மட்டும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றரைக்கு முதல் பாட்டு. சத்தம் காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் விழுந்தது. எட்வர்ட் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இல்லை, ஓடக் கூடாது, இன்றைக்கு ஓடக் கூடாது என்று பல்லைக் கடித்தார். பாட்டு பாதியில் மேடையில் டமார் என்றது. குப்பென்று வெள்ளைப் புகை.

எட்வர்ட் ஓடினார். இந்தத் தடவை அவர் தனியாக ஓடவில்லை. பதினாலு பெண்களும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு, ஒருத்தி கத்தவில்லை, ஒருத்தி திரும்பிப் பார்க்கவில்லை, வாசலைத் தாண்டி வெட்டவெளியில் போய்த்தான் நின்றார்கள். ஆபீஸ் பழக்கம் அப்படி. ஓடி நின்றதும் அடுத்த வேலை, ஆள் எண்ணுவது. வேனில் வந்தது பதினாறு பேர். வெயிலம்மாள் விரலை நீட்டி எண்ணினாள். பதினைந்து. மறுபடி எண்ணினாள். பதினைந்துதான்.

"அண்ணாச்சி, ஷீலா எங்க?"

புதியம்புத்தூரில் தைத்து வளர்ந்தவளுக்கு யார் ஓடச் சொல்லிக்கொடுத்தார்கள்? மேடைப் பக்கம் புகை மண்டிக் கிடந்தது. அதற்குள் அவள். ஆபீஸ் வழக்கப்படி திரும்பிப் போகக் கூடாது. போனவர்கள் வந்ததில்லை. அதை அவர் தன் கண்ணாலேயே ஒருமுறை பார்த்திருக்கிறார். பயத்தில் மூத்திரம் முட்டியது. அதை அடக்கிக்கொண்டே எட்வர்ட் புகைக்குள் ஓடினார். வாழ்க்கையில் அவர் எதையாவது நோக்கி ஓடியது அது ஒருமுறைதான்.

"ஷீலா, ஏட்டி ஷீலா," என்று கத்தினார். அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை.

முன்வரிசையில் மூங்கில் தடுப்பை ஒட்டி அவள் நின்றாள். இரண்டு கையும் மேலே. கண் மூடியிருந்தது. வாய் அசைந்துகொண்டே இருந்தது. எட்வர்ட் கிட்டப் போனபோதுதான் புரிந்தது, அவள் பாடிக்கொண்டிருந்தாள். மேடையில் பாடுகிறவனுக்கு அரை மூச்சு முன்னாலேயே ஒவ்வொரு வரியும் அவள் வாயில் வந்தது. ஒன்பது வருஷத்தில் அந்த முகத்தை அவர் இப்படிப் பார்த்ததில்லை. பெண் பார்க்கப் போனபோதுகூட அவள் இத்தனை அழகாக இல்லை.

கையைப் பிடித்து இழுத்தார். "வெளிய வா, தீ."

பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். "தீ இல்ல, மிஷின் புகை. போன தடவையும் இந்தப் பாட்டுக்குத்தான் விட்டாவ."

"போன தடவையா?"

"பாளையங்கோட்டையில. நான் ஹாஸ்டல்ல இருந்து சுவரேறி வந்திருந்தேன். கடைசி வரிசை, ஒண்ணும் தெரியல. புகை வந்ததும் பச்சைச் சட்டை போட்ட ஒரு ஆளு தீ தீன்னு கத்திக்கிட்டு ஓடுனாரு. அவரப் பாத்து ஒரு நூறு பேரு ஓடுனாவ. அதுலதான் எனக்கு முன்னால எடம் கெடச்சுது."

எட்வர்டுக்கு அந்தப் பச்சைச் சட்டை நன்றாக ஞாபகம் இருந்தது. "அப்ப புதியம்புத்தூர் கூட்டத்துல என்னப் பாத்து நீ அழுதது?"

"சிரிச்சேன். முக்காடு இருந்ததால தப்பிச்சேன்."

"எல்லாம் தெரிஞ்சும் என்ன ஏன் கெட்டுன?"

"பாக்காத கச்சேரியப் பத்தியே இம்புட்டு அழகாப் பேசுதாரே, இவரக் கெட்டுனா வீட்ல பொழுது போவும்னு நெனச்சேன். போச்சுதானே," என்றாள். "அந்த வெயிலம்மாக்கா கூட்டத்த வச்சுக்கிட்டு நான் எப்படிக் கையத் தூக்க? வேன் வர்றதுக்கு அவிய வேணும், பாட்டு கேக்கதுக்கு அவிய வேண்டாம். புகை வந்தா எல்லாரும் ஓடிருவீங்கன்னு தெரியும். நீங்க திரும்பி வருவீங்கன்னுதான் தெரியாது."

கடைசி வரியைச் சொல்லும்போது அவள் அவர் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள். உடனே விட்டுவிட்டாள். "இனிமே பேசாதீங்க, கிட்டார் வருது. கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க, பின்னால பிள்ளைகளுக்கு மறைக்கி."

எட்வர்ட் குனிந்து நின்றார். காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, நடுங்கிக்கொண்டே, ஐந்தரை மணி வரைக்கும் நின்றார். மூன்றாம் பாட்டில் ஒரு காதைத் திறந்து பார்த்தார். ஐந்தாம் பாட்டில் இன்னொன்றையும் திறந்தார். கேசட்டில் கேட்டுக் கிறங்கிய அதே பாட்டு இப்போது விலா எலும்புக்குள் புகுந்து ஓடியது. பயம் போகவில்லை. ஆனால் பயந்துகொண்டே கேட்பதிலும் ஒரு சுகம் இருந்தது என்பதை அவர் மறுக்கமாட்டார்.

வாசலில் நின்று எட்டிப் பார்த்த பதினாலு பெண்களும் கண்டது வேறு. புகைக்கு நடுவில் ஜெயஷீலா கண்ணை மூடி, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி, வாய் ஓயாமல் ஜெபம் பண்ணுகிறாள். பக்கத்தில் அண்ணாச்சி காதைப் பொத்திக் கூனிக் குறுகி நிற்கிறார். வேனில் திரும்பி வரும்போது வெயிலம்மாள் ஜெயஷீலாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அம்புட்டு நேரமும் கை எறங்கவே இல்லையே, சிஸ்டர்," என்றாள். ஜெயஷீலா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் சபையில் எட்வர்டை யாரும் கூப்பிடவில்லை. வெயிலம்மாள் எழுந்தாள். நரகத்துப் புகையை நேரில் கண்டதைச் சொன்னாள். அதற்குள் ஒரே ஒரு சகோதரி அசையாமல் நின்று போராடியதைச் சொன்னாள். டிரம்ஸ் அடிக்கிறவன் ரத்தத்தை விட்டுவிட்டு, பயந்துபோய்க் கொதிக்க வைத்த தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்ததையும் சொன்னாள். ஒன்றே கால் மணி நேரம். எட்வர்டின் சாட்சியைவிட அரை மணி நேரம் கூடுதல். பாஸ்டர் ரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் குழு அடுத்த மாதம் மதுரைக்கு வருகிறதாம், சபை சார்பாக சிஸ்டர் ஜெயஷீலாவை அனுப்புகிறோம், அதற்கடுத்து பெங்களூருக்கும் அனுப்ப ஜெபிப்போம் என்று அறிவித்தார்.

வீட்டுக்கு வந்ததும் எட்வர்ட் சட்டையைக்கூட மாற்றவில்லை. அடுப்படி வாசலில் போய் நின்றார். பயத்தைவிட ஆசை ஒரு பிடி அதிகமாகவே இருந்தது.

"மதுரைக்கு நானும் வாரேனே, ஷீலா."

ஜெயஷீலா சுடச்சுடக் காப்பியை ஆற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க எதுக்கு அலையணும்? பிள்ளையளப் பாத்துக்கிட்டு வீட்ல இருங்க, நான் போயிப் பாத்துட்டு வந்து சொல்லுதேன், சாட்சியில சேத்துக்கிடுங்க."